யூதாசின் தாய்க்கு ஒரு பூசை

சின்னமனூரில் பஸ் கிளம்பியதும், என் முன்சீட்டில் இருந்த இரண்டு பெண்களில் மூத்தவர் சொன்னார்: "யூதாசைப் பெத்தவளுக்காகச் சர்ச்சுல ஒரு பூசை வைக்கச் சொன்னேன். சாமியாரு முடியாதுன்னுட்டாக."

"கிறுக்கா பிடிச்சிருக்கு மதினி? சேசுவைக் காட்டிக்குடுத்தவன் ஆத்தாளுக்கா?"

"அவன் காட்டிக்குடுப்பான்னு ஆண்டவருக்கு முன்னாடியே தெரியும். பால் குடுத்தவளுக்குத் தெரியுமா?"

"ஆண்டவருக்குத் தெரிஞ்சாலும் அவன் இஷ்டத்துக்குத்தான விட்டாரு. அவனாத்தான செஞ்சான்."

"எம்மகனையும் அப்படித்தான் சொல்றாக, அவனாத்தான் பொண்டாட்டியை வெட்டினான்னு. பிள்ளை வேணும்னு முட்டிக்கால் போட்டு அழுதேனே, இதெல்லாம் தெரிஞ்சேதான குடுத்தாரு?"

தேனி நெருங்கும்போது இளையவர் கேட்டார்.

"இன்னைக்கு ஜெயில்ல அவனைப் பாத்தா என்ன கேப்பீக?"

"சாப்பிட்டியான்னு கேப்பேன். ஏன்டா செஞ்சன்னு மட்டும் கேக்க மாட்டேன். நானாத்தான் செஞ்சேன்னு சொல்லிட்டான்னா, அப்புறம் ஆண்டவர்கிட்ட என்னத்தச் சொல்லிச் சண்டை போட?"