வெயிலுக்குச் சத்தம் உண்டா

தலைமையாசிரியராக இருந்தபோது, கூப்பிட்டால் திரும்பாத ஒரு சிறுமியை மந்தபுத்தி என்று எழுதிப் பள்ளியை விட்டு அனுப்பினேன். அவளுக்குக் காது கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சென்ற வாரம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் ஒரு தாயும் அவர்கள் ஊர் சுகாதாரப் பணியாளரும் உட்கார்ந்திருந்தார்கள். தாயின் மடியில் காதுக்கருவி மாட்டிய மகள், கையில் உரிக்காத வேர்க்கடலை.

"வெயில காட்டி காத தொட்டுக் கேக்குதுக்கா. சத்தம் இல்லன்னு கைய ஆட்டினா அழுவுது."

"அழட்டுமே. போன மாசம் இடி இடிச்சாகூட திரும்பல உம் பொண்ணு."

"மல்லாட்டைய உரிச்சாலும் காத கிட்ட வச்சிக்கினு உக்காந்துடுது, ஒரே பேஜாரு. மிஷின கழட்டி பொட்டியில வைன்றாங்க மாமியாரு. ஊரு சிரிக்குதாம்."

"பொட்டியா பேசப்போவுது? இப்பதான் அம்மான்ற சொல்லு வந்துருக்குது. கழட்டினா அதுவும் போயிடும்மா. நாளைக்கு வர்றேன், உங்க மாமியாருகிட்ட நானே பேசறேன்."

"திட்டுவாங்கக்கா."

"திட்டட்டும், எனக்கு காது நல்லாவே கேக்கும்."

இருவரும் சிரித்தார்கள். சிறுமி ஜன்னல் கம்பியில் விழுந்த வெயிலில் காதை வைத்துக் கண்மூடியிருந்தாள்.

மறுநாள் என் பழைய மாணவியைத் தேடி ஒலக்கூர் போனேன். மன்னிப்பை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரித்தபடி என்னிடமே கொடுத்தாள்.