நடுவில் உட்காரும் பெண்

எனக்கு நீச்சல் தெரியாது, மேடம். பாட்டு வராது. கோலம் போட்டால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் காலையில் அரங்கத்தில் எல்லோரும் எழுந்து அவரவர் திறமையைச் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசைப் பையன் தனக்குத் தலைமைப் பண்பு இருப்பதாகச் சொன்னான். அவனுடைய டிபன் பாக்ஸையே பக்கத்தில் இருப்பவன்தான் திறந்து கொடுக்கிறான். அதற்கும் நீங்கள் கைதட்டினீர்கள். நான் குறை சொல்லவில்லை. கச்சிபௌலியில் அத்தனை பெரிய கம்பெனியில் பயிற்சி கொடுக்கிறவர் நீங்கள், இதெல்லாம் உங்களுக்குப் பழகியிருக்கும்.

ஒரு திறமை, அதற்கு வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் என்று கேட்டீர்கள். மேடையில் கூச்சமாக இருந்தால் தனியாக வந்து சொல்லலாம், வெளியே போகாது என்றும் சொன்னீர்கள். அதனால் வந்திருக்கிறேன். என் பெயர் தாரிணி. பதினொன்றாம் வகுப்பு. என் திறமை, இரண்டு பேர் பேசிக்கொள்ள உதவுவது. கம்யூனிகேஷன் ஸ்கில் என்று பலகையில் எழுதினீர்களே, அதுதான்.

எங்கள் வீடு கொண்டாப்பூரில். 2002-இல் அப்பா ஜெயச்சந்திரனுக்கு இங்கே வேலை கிடைத்துக் கோவில்பட்டியிலிருந்து வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்கு ஆங்கிலம் இருந்தது, அது அவருக்குப் போதும். பாதி வருடம் ஆன்சைட் என்று வெளிநாட்டில் இருப்பார். எனக்குத் தெலுங்கு, இந்தி, விளையாட்டு மைதானத்து உருது எல்லாம் ஒரே வருடத்தில் வந்துவிட்டன. அம்மா கனகவல்லிக்கு மட்டும் தமிழைத் தவிர எதுவும் ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய அவசியம் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நான் இருந்தேனே.

காய்கறி வண்டிக்காரர், தண்ணீர் லாரிக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், எல்லோருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் நிற்பேன். "அவரு என்ன சொல்லுதாரு, ஏட்டி?" என்பாள் அம்மா. ஆரம்பத்தில் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அது நல்ல வழி இல்லை என்று சீக்கிரமே தெரிந்தது. ஒரு நாள் வண்டிக்காரர், கத்தரிக்காயை இப்படிப் பிதுக்கிப் பார்க்க இந்த அம்மா என்ன டாக்டரா என்று கேட்டார். அப்படியே சொன்னேன். அம்மா அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். குழம்பில் உப்பில்லை. அடுத்த முறை அவர் அதே மாதிரி ஏதோ முனகியபோது, "ஒன்ன மாதிரி காய் பாக்கத் தெரிஞ்ச ஆளு இங்க யாருமே இல்லியாம்மா" என்றேன். அம்மா சிரித்துக்கொண்டே கூட ஒரு கட்டுக் கீரை வாங்கினாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பள்ளியிலும் அப்படித்தான். பெற்றோர் கூட்டத்தில் கணக்கு டீச்சர், உங்கள் பெண் வகுப்பில் வாயை மூடுவதே இல்லை என்றார். நல்லாப் பேசுகிறாளாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, எல்லாம் நீங்கள் கொடுத்த ஊக்கம்தான் என்று சொல்லச் சொன்னாள். வீட்டில் கண்டிக்கிறேன் என்கிறார் என்று டீச்சரிடம் சொன்னேன். இரண்டு பேரும் மனநிறைவோடு பிரிந்தார்கள். இரு தரப்புக்கும் வெற்றி என்று வட்டம் போட்டு விளக்கினீர்களே, அது எனக்கு ஆறாம் வகுப்பிலேயே பிடிபட்டுவிட்டது.

இனி உதாரணம்.

எதிர் வீட்டுக்குப் பில்கிஸ் ஆன்ட்டி குடிவந்தார். பழைய நகரத்துக்காரர், உருதுதான் பேசுவார். மகனுக்கு மென்பொருள் வேலை என்பதால் இந்தப் பக்கம் வந்துவிட்டார். வீட்டிலேயே சுடிதார் துணிகள் வைத்து விற்பார். ஒரு முறை தையல்காரர் கெடுத்துவிட்ட குர்த்தா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று புலம்பிக்கொண்டிருந்தார். அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். உள்ளே எடுத்துப்போய்ப் பிரித்து, தோளைச் சரிசெய்து, கழுத்துக்குப் புதிதாகப் பைப்பிங் வைத்துக் கொடுத்தாள். மறுநாள் எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் டபுள் கா மீட்டா வந்தது. ரொட்டியில் இப்படி ஓர் இனிப்பு செய்ய முடியும் என்று அம்மாவுக்கு அன்றுதான் தெரியும்.

அதன்பின் மாலை நேரமெல்லாம் எங்கள் சோபாதான். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் ஆன்ட்டி, நடுவில் நான். ஆன்ட்டியின் நகைச்சுவைக்கு அவ்வளவாகச் சிரிப்பு வராது, நான் கொஞ்சம் சேர்ப்பேன். அம்மா கோவில்பட்டியில் நின்றுபோன தையல் வகுப்பைப் பற்றி ஆரம்பித்தால் முடிக்க மாட்டாள், நான் குறைப்பேன். அவர்கள் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள் என்றால் அதில் பாதி என் கைவேலை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

ஒரு நாள் பள்ளிப் பேருந்து தாமதம். நான் வீட்டுக்குள் நுழைந்தால் இருவரும் தரையில் ஆன்ட்டியின் புதுக் குர்த்தாவுக்குத் துணியை விரித்துப் போட்டு, சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அம்மா தமிழில் ஏதோ சொல்கிறாள். ஆன்ட்டி, "ஹவ், ஹவ்" என்று ஆமோதித்துவிட்டு உருதுவில் வேறு ஏதோ சொல்கிறார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, என்ன சொல்லுதாவ என்று கேட்கவே இல்லை. நான் பையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். பயம் என்றே சொல்லிவிடுகிறேன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. அன்று அம்மா எனக்கு வழக்கமான மாலைப் பஜ்ஜி கூடப் போடவில்லை. பிஸ்கட் தின்றுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.

சில வாரங்கள் கழித்து ஆன்ட்டி வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கொத்தகுடா பக்கம் ஒரு கடை பார்த்திருக்கிறார். துணி அவருடையது, தையல் அம்மாவுடையது, கடை இரண்டு பேருக்கும் பொது. கனகாவின் கைக்கு இந்த ஊரே வரிசையில் நிற்கும் என்றார். அம்மா மறுத்துவிடுவாளோ என்று அவருக்குக் கூச்சம், அதனால் தயங்கித் தயங்கி, முகத்தைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். அந்தத் தயக்கம் எனக்கு வசதியாக இருந்தது.

நான் யோசித்துப் பார்த்தேன், மேடம். அம்மாவால் கடையில் நாள் முழுக்க நிற்க முடியுமா? அந்தச் சாலையில் கம்பெனி கேப்கள் எப்படிப் பறக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். வருகிறவர்கள் தெலுங்கில் பேசினால் யார் பதில் சொல்வது? நான் பள்ளியில் இருப்பேன். அம்மா மெல்ல மெல்ல அவளே பேசக் கற்றுக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கும். மகள் என்று ஒருத்தி இருந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

"என்னட்டி, அவிய மொகமே சரியில்ல. என்ன சொல்லுதாவ?" என்றாள் அம்மா.

"நீ தச்ச குர்த்தா அக்குள்ல இறுக்கிப் பிடிக்காம்மா. இனிமே வெளியில குடுத்துத் தச்சுக்கிடுதாவளாம். ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு இத்தன நாளா யோசிச்சாவளாம்."

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "தப்பு எம்மேலதான். பிரிச்சுத் திருப்பித் தச்சுத் தாரேன்னு சொல்லு. காலம் பூரா தச்சுத் தாரேன்னு சொல்லுட்டி."

எங்கள் குடும்பத்தில் பெண்கள் கடையில் உட்காருவது வழக்கமில்லை, அம்மாவுக்கு இந்தப் பேச்சே வருத்தமாக இருக்கிறது என்று ஆன்ட்டியிடம் சொன்னேன். கலங்கிய கண்ணுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

"கைக்கு நக்கோ போல்ரே? பூச் பேட்டா" என்றார் ஆன்ட்டி. ஏன் வேண்டாம் என்கிறாள், கேள் என்று அர்த்தம். நான் அம்மா பக்கம் திரும்பி, ஆன்ட்டி டீ கேட்கிறார் என்றேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். ஆன்ட்டி அந்த அடுக்களை வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா டீயோடு திரும்பி வந்தபோது சோபாவில் நான் மட்டும்தான் இருந்தேன். அந்த டீயை நான் குடித்தேன். இஞ்சி தட்டிப்போட்டு நன்றாகப் போட்டிருந்தாள்.

நெருக்கடியில் பதறாமல் இருப்பது இரண்டாவது திறமை என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அம்மா ஒரு புதுக் குர்த்தா தைத்தாள். பச்சை நிறம், அக்குளில் தாராளமாக விட்டு. கொண்டுபோய்க் கொடு என்றாள். அது என் அலமாரியில் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பெரிசு, போடப் போடச் சரியாகிவிடும். ஈத் அன்று ஆன்ட்டி, அம்மாவுக்கு என்று சொல்லி ஒரு பாத்திரம் நிறைய ஷீர் குர்மா என்கிற சேமியாப் பாயசம் கொடுத்தார். மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆன்ட்டி ஒன்றும் கொடுத்துவிடலையா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த நாளும் கேட்டாள்.

ஆன்ட்டியின் கடை தனியாக ஓடவில்லை. மகனுக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்ததும் அவரும் கிளம்பிவிட்டார். கிளம்பும்போது லிஃப்ட் வாசலில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். கடைப் பலகையில் தன் பெயருக்குப் பக்கத்தில் கனகாவுக்கு இடம் விட்டிருந்ததாகவும், கடைசிவரை அது காலியாகவே இருந்ததாகவும் சொல்லச் சொன்னார் ஆன்ட்டி. "என் தையல்ல குத்தம்னா திட்டியிருக்கலாம்லா. பேசாம இருந்துட்டாவளே, அதத்தான் தாங்க முடியலன்னு சொல்லுட்டி" என்றாள் அம்மா. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. கீழே வண்டி காத்துக்கொண்டிருந்தது. போய்வருகிறேன் என்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். நல்லபடியாகப் போய்வாருங்கள் என்கிறார் என்று ஆன்ட்டியிடம் சொன்னேன். இரண்டு பக்கமும் சேர்த்து அரை நிமிடம் ஆகியிருக்காது. நேர நிர்வாகம் பற்றியும் காலையில் பேசினீர்கள்.

இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. அம்மா தையல் மெஷினை மூடி, அதன் மேல் மடித்த துணிகளை வைக்கிறாள். நான் வரும்போது பஜ்ஜி சுடச்சுடத் தயாராக இருக்கும். நடுவில் ஒரு சிறு தொந்தரவு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ச்மேன் மனைவி எல்லம்மாவிடம் அம்மா என்னிடம் சொல்லாமல் தெலுங்கு கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். போன வாரம் படியிறங்கும்போது, "பாகுன்னாவா?" என்று எல்லம்மாவைக் கேட்டாள். நலமா என்று கேட்கிறாள், அவ்வளவுதான். எல்லம்மா சந்தோஷம் தாங்காமல் சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும், பல நாள் கழித்து அன்றுதான் பார்த்தேன்.

மாலையில் அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னேன். "நீ பேசுத தெலுங்க எல்லம்மா ஒவ்வொரு வீட்டுலயும் பேசிக்காட்டிச் சிரிக்காவம்மா." முழுப்பொய் இல்லை, எல்லம்மா சிரித்தது உண்மைதான். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நறுக்கி முடித்தாள். மறுநாளிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தவுடன் கதவைச் சாத்திவிடுகிறாள். இப்போதெல்லாம் என்னிடமும் அதிகம் பேசுவதில்லை. வயதானால் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள், மேடம். உங்கள் முகமும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் அம்மாவைக் கஷ்டப்படுத்திவிட்டதாக நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை, அம்மா சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள். உங்களுக்குத் தமிழ் தெரியாவிட்டால் என்ன, எதை வேண்டுமானாலும் அம்மாவிடமே நேராகக் கேளுங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று நான் சொல்கிறேன்.