தீக்குச்சி கனம்

ஏர் ஃபில்டர் வாங்க வருகிறவர்கள் நீளம் கேட்பார்கள், அகலம் கேட்பார்கள். உயரத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. உட்காருங்கள், பாஷா பாய். அரக்கோணத்திலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள், டீ சொல்லியிருக்கிறேன். கையிலிருக்கிற அந்தப் பழைய ஃபில்டரை மேசைமேல் வையுங்கள். பரவாயில்லை, மேசையும் அழுக்குதான்.

நீங்கள் மெக்கானிக். சந்திரமோகனின் இன்ஜினைப் பிரித்தீர்கள். உள்ளே மண் இருந்தது. ஃபில்டரோ கிழியவில்லை. அப்படியானால் மண் எந்த வழியாகப் போனது என்று கேட்க வந்திருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. சந்திரமோகனே வந்து கேட்டிருந்தால் இன்னும் நியாயமாக இருந்திருக்கும்.

இந்தத் திருத்தணியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்துத்தான் என் தலை நரைத்தது. ஃபில்டர் விஷயத்தில் நான் பார்க்காதது கிடையாது. ஒருமுறை குவாரி லாரி ஒன்றின் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன், உள்ளே முருங்கை முளைத்திருந்தது. டிரைவர் கீரையைப் பறித்து வீட்டில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்துதான் புது ஃபில்டர் வாங்கினார். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இனிமேல் சொல்வதை நம்புங்கள்.

சந்திரமோகன் என் தங்கை கௌரியம்மாளின் வீட்டுக்காரர். வயதில் மூத்தவர் என்பதால் பாவா என்று கூப்பிடுவேன். அவர் கார் வாங்கியதே கௌரிக்காகத்தான். அவளுக்கு நெஞ்சில் அடைப்பு. வலி வந்தால் தாமதிக்காமல் திருவள்ளூருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பழைய டீசல் காரைத் தேடிப் பிடித்தது நான். மலைமேல் ஏற்றிப் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி முதல் ஓட்டு ஓட்டியதும் நான். பல்பு போனாலும் வைப்பர் தேய்ந்தாலும் பாவா இங்கேதான் வருவார். அந்த வண்டிக்கென்று ஒரு ஃபில்டரைத் தனியாக அலமாரியில் எடுத்து வைத்திருப்பேன். ஒரே பேரில் அந்த வண்டி இரண்டு விதமாக வந்தது, உங்களுக்கே தெரியும். பழையதற்கு உயரமான ஃபில்டர், பின்னால் வந்ததற்குக் குட்டை. நீளமும் அகலமும் ஒன்றுதான்.

போன ஆடிக் கிருத்திகை முடிந்து காவடிக் கூட்டமெல்லாம் வடிந்திருந்த சமயம். பாவா கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஓர் அட்டைப் பெட்டியோடு இறங்கினார்.

"மச்சான், ஒரு ஸ்குரூ டிரைவர் குடு."

"இன்னாத்துக்கு பாவா?"

"ஏர் ஃபில்டர் மாத்தணும். போன்ல வண்டி பேரப் போட்டேன், அதுவே காட்டிச்சு. ஊட்டுக்கே கொணாந்து குடுத்துட்டுப் போறான். ஒவ்வொண்ணுக்கும் உன்னத் தொந்தரவு பண்ண வாணாம்னுதான்."

கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். "சொந்த மச்சானையே நம்பல, நாம நம்பி வாங்கிகினு கீறோம்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பல் கட்டின பல், எப்போது வேண்டுமானாலும் சிரிக்கும்.

ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் நானே மாட்டினேன். எனக்கொரு வழக்கம் உண்டு. ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் சுற்றிலும் விபூதியைக் குழைத்துத் தடவுவேன். மூடியை அழுத்தி மூடி, மறுபடி திறப்பேன். மூடியின் உட்புறம் விபூதிக் கோடு அறுபடாமல் விழுந்திருந்தால் சைஸ் சரி. எங்கே கோடு விட்டுப்போகிறதோ, அங்கே வடிகட்டாத காற்று உள்ளே போகும். மற்ற ஊர்களில் கிரீஸ் தடவுகிறார்களாம். நமக்கு விபூதிக்குப் பஞ்சமில்லை.

அன்றைக்கும் தடவினேன். பாவா அதைப் பூசை என்று நினைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"முருகா, கௌரிய நல்லபடியா வெச்சிரு."

மூடியைத் திறந்தேன். மூன்று பக்கம் கோடு விழுந்திருந்தது. பேட்டரியை ஒட்டின பக்கம் சுத்தமாக இருந்தது. ஒரு தீக்குச்சி கனம் இடைவெளி. போன் காட்டியது குட்டை ஃபில்டர், இந்த வண்டிக்கு வேண்டியது உயரமானது.

"நல்லா குந்திக்கிச்சா மச்சான்?"

"அம்சமா கீது பாவா."

நான் செய்தது அவ்வளவுதான். கேட்டார், சொன்னேன். விளிம்பைத் துடைத்து மூடியை மாட்டினேன். கிளிப் வழக்கத்தைவிடச் சுலபமாகவே விழுந்தது. மிச்ச விபூதியை அவர் நெற்றியில் பூசிவிட்டேன்.

தினமும் அவர் ஆர்.கே.பேட்டை ரோட்டில் இருக்கும் கழனிக்குக் கல் கிரஷர்களைத் தாண்டித்தான் போய்வருவார். அந்தப் பக்கம் புளியமர இலைகூட வெள்ளையாகத்தான் இருக்கும். தீபாவளிக்கு வண்டி லேசாகப் புகைந்தது. பொங்கலுக்கு ஆயில் குடிக்க ஆரம்பித்தது. வாசலைக் கடக்கும் சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும். பாவா கடைக்குள் வரவில்லை. போனில் பார்த்து ஏதோ ஒரு மருந்தை வாங்கி இன்ஜினுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டால் சொல்லலாம் என்று நானும் காத்திருந்தேன். சரியான ஃபில்டர் அலமாரியில்தான் இருந்தது. அவ்வப்போது அதன்மேல் தூசி படியாமல் தட்டி வைத்தேன்.

ஒரு நாள் கௌரியே வந்தாள்.

"அண்ணா, வண்டி கொசு மருந்து அடிக்கற மாதிரி பொகையுது. நீ கொஞ்சம் பாரேன்."

"உங்க ஊட்டுக்காரர போன்ல கேக்கச் சொல்லும்மா. அது எல்லாம் சொல்லும்."

"உன்ன வுட்டுட்டு வாங்கினோமேன்னு பொலம்பிகினு கீறாரு. உன்னாண்ட வர்றதுக்கு வெக்கம். எனக்கு நெஞ்சு வலிச்சா அந்த வண்டிதான அண்ணா?"

"அவரு வாயால கேக்கட்டும்."

"தோ பார்றா. ரெண்டு பேரும் இன்னும் கோலி ஆடற பசங்கதான்."

சிரித்துக்கொண்டேதான் போனாள். படியில் இறங்கும்போது மூச்சு வாங்க, ஷட்டர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். நான் கல்நெஞ்சுக்காரன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

பங்குனியில் ஒரு மத்தியானம் போன் அடித்தது. பாவாவின் பேர். மாதக்கணக்கில் அந்தப் பேர் என் போனில் வரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. அடித்து ஓயட்டும் என்று விட்டேன். மறுபடி அடித்தது, அதையும் விட்டேன். அதற்கடுத்ததை எடுத்தேன்.

"மச்சான், கனகம்மாசத்திரத்தாண்ட வண்டி நின்னுபோச்சு. இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு. ஒரு வண்டியும் நிக்க மாட்டேங்குது. நீ சீக்கிரம்..."

"வண்டி பேரப் போன்ல போடுங்க பாவா. அதுவே காட்டும்."

போனில், அவர் பக்கத்தில் ஒரு பெண் முனகுவது கேட்டது. ரோட்டோரத்தில் எத்தனையோ பேர் முனகுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கூடப்பிறந்தவள் குரல் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும்.

"வந்துகினே இருக்கேன் பாவா" என்று சொல்லி போனை வைத்தேன். எதிரிலிருந்த டீயைக் குடித்து முடித்தேன். அலமாரியிலிருந்து சரியான ஃபில்டரை எடுத்து, துணியால் துடைத்து, பையில் போட்டேன். ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டரில் நிதானமாகப் போனேன். வயசானவன், ஹைவேயில் லாரிகள் அதிகம்.

நான் போனபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவசரம் இல்லாமல் நின்றிருந்தார்கள். காரின் பின்சீட்டில் பாவா கௌரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் போய், பையிலிருந்து ஃபில்டரை எடுத்துக் காட்டினேன்.

"பாருங்க பாவா, நம்ம வண்டிக்கு இதான் சைஸு."

அவர் பார்க்கவில்லை.

ஆகவே பாய், மண் எந்த வழியாகப் போனது என்றால், நான் விட்ட வழியாகப் போனது. தெரிந்துதான் விட்டேன். கௌரிக்கு அந்த வண்டியைவிட்டால் வேறு இல்லை என்றும் தெரிந்துதான் விட்டேன். இதை எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் வருகிறேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு. காரியமெல்லாம் முடிந்த பிறகு, பாவா அந்த வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு இந்த வாசல் வழியாகத்தான் உங்களிடம் வந்தார். கடை திறந்திருந்தது. நான் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பெண் கொடுத்தவன் கண்ணெதிரே இருக்கும்போது, வண்டியைப் பிரிக்க அடுத்த ஊர்க்காரரிடம் போகிற துரோகத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?