இருநூற்றுப் பதினான்கு கோடிக்கு மேல் எண்ணத் தெரிந்த அக்காவுக்கு

எண்ணுக்கும் எல்லை உண்டென்று எங்களுக்கு எடுத்துரைத்த மூத்தவரே! வெள்ளக் கணிப்புக் கூடத்தின் விழிப்பே! எச்சரிக்கை வரிகளை எழுத்தெண்ணிப் படித்த எங்கள் 'பொறுங்க அக்கா'வே! கைகுவித்து வணங்குகிறோம்.

முப்பத்தோர் ஆண்டுகள் மூன்றாம் மாடியின் மூலை மேசையில் அமர்ந்து, நாங்கள் எழுதும் நிரல்களையெல்லாம், அவற்றைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரில் ஏற்றி, அது கக்கும் எச்சரிக்கைகளைக் காலைத் தேநீரோடு உரக்கப் படித்தீர்கள். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். மெமரிதான் மலைபோல் வாங்கிவிட்டோமே, ஆற்று வரைபடத்தை இன்னும் நுணுக்கமாகப் போட்டால் என்ன என்று நச்சரித்தோம்.

"பொறுங்க. இடம் இருந்தா மட்டும் போதுமா? நம்ம பழைய நிரலுக்கு இருநூத்திப் பதினாலு கோடிக்கு மேல எண்ணத் தெரியாது. வரைபடக் கட்டம் அதைத் தாண்டினா கணக்கு கழித்தல் எண்ணுக்குப் போய் விழும். மாத்த இன்னும் ஏழு கோப்பு பாக்கி" என்பீர்கள்.

சென்ற செவ்வாயன்று நாங்கள் செய்த காரியத்தைச் சொல்ல நாக் கூசுகிறது. நீங்கள் மறுத்து வந்த அந்த நுணுக்க வரைபடத்தையே போட்டு, சட்டமிட்டு, நீங்கள் ஓய்வு பெறும் நாளில் பிரிவுப் பரிசாகத் தர நினைத்தோம். வேகத்துக்காக, எண் எல்லை தாண்டுகிறதா என்று பார்க்க நீங்கள் வைத்திருந்த சோதனையை நிரலிலிருந்து எடுத்துவிட்டோம். எச்சரிக்கைகளின் வாயையும் அடைத்தோம். கம்பைலர் முணுமுணுக்கவே இல்லை. படம் அத்தனை அழகாக வந்ததில் மயங்கி, பத்து மணிக்கு அனுப்பும் அன்றைய கணிப்பாகவும் அதையே வைத்தோம். ஐயோ, என்ன துணிச்சல்!

ஒன்பதே முக்காலுக்கு உங்களிடம் காட்டினோம். கைதட்டல் அடங்கும் முன்பே உங்கள் முகம் வெளுத்துவிட்டது.

"ஆத்தோரத் தெருவுல மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே! மேடே முழுகுது, பள்ளம் எப்படிக் காயும்? யாருப்பா சோதனைய எடுத்தது?"

எண்ணிக்கை எல்லை தாண்டிக் கழித்தல் எண்ணாய் விழுந்து, தண்ணீரே இல்லையென்று காட்டிய இடத்தில்தான் அந்தத் தெரு இருந்தது. இம்மடலை வாசித்துக்கொண்டிருப்பவனின் தங்கை, கைக்குழந்தையோடு அங்கேதான் குடியிருக்கிறாள்.

நீங்கள் ஒருவரையும் திட்டவில்லை. பழைய நிரலை, பழைய அளவில், சோதனையோடு ஓட்டிய காலைக் கணிப்பை எடுத்து நீங்களே அனுப்பினீர்கள். மாலைக்குள் தெரு காலியாயிற்று. மறுநாள் காலை தங்கையின் வீட்டில் ஜன்னலை எட்டிப் பிடித்திருந்தது தண்ணீர். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திராது, அக்கா!

பண்பின் பெருந்தகையே! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டும் அதற்கு மேலும் நீங்கள் வாழ வேண்டும். அந்த ஏழு கோப்புகளையும் நாங்கள் மாற்றுகிறோம். காலைத் தேநீர் வேளையில் எச்சரிக்கைகளை இனி நாங்களே உரக்கப் படிப்போம்.

இம்மடலைப் பதித்திருக்கும் இந்தச் சட்டம் அந்த வரைபடத்துக்கென்று வாங்கியது. ஆகவே மடலைவிடப் பெரிது. மீந்த இடத்தில் ஆற்றோரத் தெருக்காரர்கள் கையொப்பமிட வந்தார்கள். இடம் போதவில்லை, பாதிப் பேர் பின்பக்கம் இட்டிருக்கிறார்கள்.

தலைகுனிந்த நன்றியுடன்,
வெள்ளக் கணிப்புக் கூடப் பணியாளர்கள்