துளை விழாத பூ

அன்று முன்னறையில் ஐந்து பேர் இருந்தோம். உன் அப்பா ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில். நீ அதன் கைப்பிடியில் சாய்ந்தபடி. துறைத் தலைவர் சோபாவின் நடுவில், இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு. அப்பாவிடம் ஆராய்ச்சி செய்த நெட்டை, கதவோர முக்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க. அத்தை நான் உட்காரவில்லை, டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டபடி ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

காணாமல் போனது அப்பாவின் கள நோட்டு. பதினோரு வருட உழைப்பு.

"கடைசியா அதைத் தொட்டது நீதானேப்பா?" என்றார் துறைத் தலைவர்.

"ஆமா சார். மேஜையிலயே வச்சுட்டுத்தான் போனேன்."

"அப்போ நோட்டுக்குக் கால் முளைச்சிடுச்சா?"

அப்பா மட்டும் சிரித்தார். "அவன் ஏன் எடுக்கப் போறான்? பாதி நோட்டு அவனுக்கு மனப்பாடம்." நீ சிரிக்கவில்லை. மறுவாரமே நெட்டையைத் துறையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

நேற்று உன் கடிதம் வந்தது. நோட்டு போன ஏக்கத்தில்தான் அப்பா போய்ச் சேர்ந்தார் என்றும், நெட்டை மேல் போலீசில் புகார் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். கொடுக்க வேண்டாம். நோட்டு அன்று என் டீத் தட்டில், விரித்த துணிக்கு அடியில் இருந்தது. அதன் மேலிருந்துதான் நெட்டை தன் டம்ளரை எடுத்தான்.

ஏன் என்று கேட்பாய். அண்ணன் ஆராய்ந்தது நீளக் குழல் பூக்களை. வண்டு பூவின் வாய்வழியே நுழைந்தால் மேலெல்லாம் மகரந்தம் ஒட்டும். அது அடுத்த பூவுக்குப் போனால் காய் பிடிக்கும். சில வண்டுகள் அந்தச் சிரமம் படுவதில்லை. குழலின் அடியில் கடித்துத் துளை போட்டு, தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். லென்ஸைப் பிடித்துக்கொண்டு பதினோரு வருடம் அந்தத் துளைகளை எண்ணியவள் நான். கண் பழகிவிட்டது. பிறகு மனிதர்களிடமும் தெரிய ஆரம்பித்தது.

நெஞ்சுவலி வந்து அண்ணன் வீட்டோடு இருந்தபோது நெட்டை தினமும் வருவான். இரண்டு மணி நேரம் பேச்சும் சிரிப்பும். அவன் போனதும் அண்ணன் கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார். எடுத்துக்கொண்டு போகிறான், எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை என்று எனக்குப் பட்டது.

சோதனைக்காகச் சில பூக்களுக்கு வலைப்பை கட்டுவோம். கட்டினால் நல்ல வண்டும் வராது, காய் பிடிக்காது. ஆனால் பூவில் துளை விழாது. எனக்குப் பூ போதும்.

நோட்டுப் பழியோடு நெட்டை வருவது நின்றது. பிறகு துறைத் தலைவர். "டாக்டர் யாரையும் பாக்க விடக்கூடாதுன்னுட்டார் சார்" என்றேன். வந்த வேலை குறைந்த நிம்மதியோடு போனார். நீ ஊர் திரும்பி ஃபோன் செய்தபோதெல்லாம் அப்பா தூங்குவதாகச் சொன்னேன்.

"பாப்பா பேசவே இல்லியாம்மா?" என்பார்.

"அவளுக்குத் தலைக்கு மேல வேலைண்ணா."

நெட்டை அவருக்கு எழுதிய மூன்று கடிதங்களும் பிரிக்கப்படாமல் நோட்டுக்குள் இருக்கின்றன. நோட்டின் பின்பக்கங்களில் தேதிவாரியாகக் குறித்திருக்கிறேன்: வந்தவர், பேசிய நேரம், சாப்பிட்ட அளவு. முதல் வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். நல்ல முன்னேற்றம் என்று எழுதினேன்.

இருபத்தாறாம் நாள் காலை ஒன்பதேகாலுக்கு, "நெஞ்சை அடைக்குதும்மா, டாக்டரைக் கூப்பிடு" என்றார். டாக்டரும் வெளியாள்தான். கட்டிய பையைப் பாதியில் அவிழ்த்தால் அத்தனையும் வீண் என்று எனக்குச் சொல்லித்தந்தவரே அண்ணன்தான். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அவர் இன்னும் நான்கு முறை கேட்டார். பத்தேமுக்காலுக்குப் பிடி தளர்ந்தது. அதையும் குறித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பை கட்டாத பூ ஒன்று பக்கத்தில் இருந்தால்தான், பையால் என்ன ஆனது என்று சொல்ல முடியும். எனக்கு இருந்தது ஒரே அண்ணன். ஆகவே அவர் போனது என்னால்தான் என்று நீ முடிவு கட்ட முடியாது. உன் அப்பாவே ஒப்புக்கொள்ள மாட்டார்.

நோட்டை உறைக்குள் வைத்துவிட்டேன். இதையும் வைத்து, ஓரங்களில் இரண்டு முறை பசை தடவி, எங்காவது துளை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன். தபால்காரர் வந்துவிட்டார். உள்ளே விடவில்லை, வாசல் கேட் கம்பி வழியாகக் கையை நீட்டச் சொல்லியிருக்கிறேன்.