சக்கரத்தில் கட்டிய துண்டு

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சூடு ஆகாது. காப்பியைக்கூட நன்றாக ஆற்றித்தான் குடிப்பேன். இந்த அறையில் நீங்கள் மின்விசிறி போட்டுவிட்டது பெரிய உபகாரம்.

துடியலூர்ப் பக்கம் என் மாமனாருக்கு இரும்பு வார்ப்பு ஆலை இருக்கிறது. உலையிலிருந்து வீணாகப் போகும் சூட்டைப் பாய்லருக்குள் திருப்பி, அந்த நீராவியில் மின்சாரம் எடுக்கலாம் என்று அவரைச் சம்மதிக்க வைத்தவன் நான். சொன்ன அளவு வரவில்லை. அழுத்தம் ஏறினால் சேஃப்டி வால்வு திறந்து நீராவியை வெளியே விட்டுவிடும். அதனால் வால்வைக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். மின்சாரம் கூடியது. மாமனார் முதல்முறையாக என் தோளில் தட்டினார்.

பாய்லருக்குள் இறங்கிக் கரி சுரண்டும் அங்கப்பன் அண்ணன் கம்பியைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க சார், இது வெடிச்சா இருபது பேரு செத்துப்போவாங்க. நாளைக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தா சொல்லிப்போடுவேனுங்க."

"கழட்டிடறேனுங்கண்ணா. நீங்க இன்னிக்குக் கரியைச் சுரண்டிப்போட்டு வாங்க."

கழற்றினால் மின்சாரம் குறையும், மாமனாருக்குத் தெரிந்துவிடும்.

சுரண்டும்போது உலையை அணைப்பதில்லை. ஒரு சக்கரத்தைத் திருப்பினால் சூடு பாய்லருக்குள் வராமல் நேரே புகைபோக்கிக்குப் போகும். இறங்குகிறவர் தன் துண்டை அந்தச் சக்கரத்தில் கட்டுவார். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். முதலாளிகூட அதைத் தொட்டதில்லை.

அன்று காலை பதினொரு மணிக்கு எல்லாரும் டீக்குப் போயிருந்தார்கள். உள்ளிருந்து ஸ்பேனரால் மூன்று தட்டு கேட்டது. வேலை முடிந்தது, வெளியே வருகிறேன் என்று அர்த்தம். நிதானமாகத்தான் யோசித்தேன். ஒருவர் பேசாமல் இருந்தால் ஆலையை மூட மாட்டார்கள், இருநூறு பேருக்கு வேலை இருக்கும். பிறகு கேட்ட தட்டுகளை நான் எண்ணவில்லை.

துண்டை மடித்து, அவர் மனைவி பாவாத்தாளிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கெட்ட எண்ணம் உள்ளவன் அதைச் செய்வானா? அந்த அம்மா அழவில்லை. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவரு உள்ள இருக்கையில இதை ஆருங்க அவுத்தது?"

நான்தான் அவிழ்த்தேன். சக்கரத்தைத் திருப்பியதும் நான்தான். வாக்குமூலத்தில் எல்லாம் எழுதிக்கொண்டீர்கள் அல்லவா?

அந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மூன்று மூன்றாகத் தட்டுகிறது. சூடு பரவாயில்லை.