கிழித்துக் கொடுத்த கதைப் புத்தகம்

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காத சமயம். இருபது பேர் உட்காரும் கரி பஸ்ஸில் முப்பத்தொரு பேரை அடைத்திருந்தார்கள். புதுச்சத்திரத்தில் கரி போட வண்டியை நிறுத்தினார்கள். எப்போது கிளப்புவார்களோ என்று அலுத்துக்கொண்டிருந்தபோது முன் இருக்கைப் பேச்சு காதில் விழுந்தது. ஒருவர் தலைமையாசிரியர், மற்றவர் அவர் பள்ளிக்கூடத்து டீச்சர்.

"பள்ளிக்கூடத்துக் கதைப் புஸ்தகத்தை நீங்களேவா கிழிச்சீங்க?"

"ஆமாங்க சார். இருக்கறது ஒண்ணு, புள்ளைங்க பதினாறு. ஆளுக்கொரு தாள் குடுத்துட்டேனுங்க."

"காயிதம் கிடைக்காத இந்தக் காலத்துலயா! நாளைக்கு வர்ற இன்ஸ்பெக்டர் புஸ்தகத்தைக் கேட்டா உங்க வேலை போயிருமுங்க."

"முன்னெல்லாம் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுவாங்க. இப்ப அவங்கவங்க தாளை அவங்களே படிச்சாத்தானுங்க மத்தவங்களுக்குக் கதை தெரியும். ஒருத்தன் திக்குனா, சரியாப் படிக்கற வரைக்கும் மத்தவங்க உடறதில்லைங்க."

"கடைசித் தாளுக்காரன் வரலைன்னா?"

"நேத்து வரலைங்க. நூல் சுத்த ஊட்டுலயே நிறுத்திட்டாங்க. கிளாஸ் மொத்தமும் அவனூட்டு வாசல்ல போய் நின்னுச்சு."

"அவங்கப்பன் திட்டலையா?"

"திட்டுனாருங்க. பொறவு தறியை உட்டு எந்திரிச்சு வந்து, பையன் படிச்ச கதையை அவரும் கேட்டாருங்க."

பஸ் கிளம்பியது.

"நாளைக்கு முதல் தாளைப் படிக்கச் சொல்லிட்டு அதோட நிறுத்திருங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியர். "மீதிக் கதையை இன்ஸ்பெக்டரே கேக்கட்டும்."